கிராஸ் கன்ட்ரி பருவத்துக்கு முந்தைய பயிற்சி முகாம்: பல்கலைக்கழக கிளப்புகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கிராஸ் கன்ட்ரி என்பது புல், மண், மேடு, சேறு என இயற்கைத் தரையில் ஓடும் நெடுந்தூரப் போட்டி. அதன் போட்டிப் பருவம் தொடங்கும் முன் ஒரு வாரம் வெளியூரில் தங்கி ஓடும் முகாமை முதன்முறையாக நடத்தப்போகும் கேப்டனுக்கும் செயலாளருக்கும் இதை எழுதுகிறேன். இத்தகைய முகாம்களை நானே நடத்தியிருக்கிறேன். பிறகு புதியவர்கள் நடத்தும்போது கூடவே இருந்தும் பார்த்திருக்கிறேன். சறுக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றேதான்: யார் யார் வருகிறார்கள் என்று தெரியும் முன்பே அட்டவணை தயாராகிவிடுகிறது. கிளப்பில் வேகமாக ஓடும் நாலு பேரை மனதில் வைத்துப் போட்ட அட்டவணை அது. மூன்றாம் நாள் மற்றவர்கள் நொண்டத் தொடங்குகிறார்கள்.

ஒரு வாரத்தில் யாருடைய உடல்திறனும் பெரிதாக ஏறிவிடாது. கடினமான பயிற்சியின் பலன் காலில் தெரிய ஓரிரு வாரம் ஆகும். காயம் வர ஒரே நாள் போதும். அதனால் கடைசி நாள் காலையில் எத்தனை பேர் வலியில்லாமல் ஓடக் கிளம்புகிறார்கள் என்பதை வைத்தே ஒரு முகாமை நான் எடைபோடுகிறேன். கீழே உள்ள வரிசை முழுக்க அந்த எண்ணிக்கைக்காகத்தான்.

1. எட்டு வாரம் முன்பே வருபவர்களின் விவரம் வாங்குங்கள்

இடம் பார்ப்பதற்கும் பணம் வசூலிப்பதற்கும் முன்னால் செய்ய வேண்டியது இது. ஒரு படிவம் தயார் செய்து எல்லாருக்கும் அனுப்புங்கள். கடந்த நான்கு வாரங்களில் வாரத்துக்கு எத்தனை நாள் ஓடினார்கள், மொத்தம் எவ்வளவு நேரம், அதில் மிக நீண்ட ஓட்டம் எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். கடந்த ஓராண்டில் ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டத்தை நிறுத்திய காயம் உண்டா என்றும் கேளுங்கள். ஆஸ்துமா, ஒவ்வாமை, தினமும் எடுக்கும் மருந்து, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் ஆகியவை கட்டாயம்.

பெரும்பாலான படிவங்களில் முதல் கேள்வியே "5 கி.மீ.யில் உங்கள் சிறந்த நேரம் என்ன?" என்பதாக இருக்கிறது. அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அது போன வருடத்துக் கதை. 18 நிமிடத்தில் ஓடிய ஒருவர் தேர்வு, விடுமுறை என்று இரண்டு மாதம் ஓடாமலே இருந்திருக்கலாம். திரும்ப ஆரம்பித்தால் அவருக்கு மூச்சு சீக்கிரம் பழகிவிடும். எலும்பும் தசைநாண்களும் அவ்வளவு சீக்கிரம் பழகாது. முகாமில் அடிபடுபவர் புதுமுகம்தான் என்று நினைப்போம். நான் பார்த்தவரை இப்படி இடைவெளி விட்டுத் திரும்ப வருபவர்தான் அதிகம்.

மருத்துவ விவரங்களை முதலுதவிப் பொறுப்பாளரும் இன்னொருவரும் மட்டும் பார்க்கட்டும். அது குழுவின் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்துவிட்டால், அடுத்த முறை யாரும் உண்மையை எழுத மாட்டார்கள்.

2. தேதியைப் போட்டியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

முதல் முக்கியப் போட்டியின் தேதியை எழுதிக்கொண்டு, அங்கிருந்து மூன்று வாரம் பின்னால் வாருங்கள். முகாம் அந்த இடத்தில் முடிந்திருக்க வேண்டும். முதல் வாரம் களைப்பு இறங்குவதற்கு, அடுத்த இரண்டு வாரம் வழக்கமான பயிற்சிக்கு. போட்டிக்கு ஐந்து நாள் முன்புவரை முகாம் நடத்தினால், அந்தக் களைப்போடுதான் தொடக்கக் கோட்டில் நிற்பார்கள்.

3. இடம்: தரையைப் பாருங்கள், காட்சியை அல்ல

முதல் தேவை மண் அல்லது புல் தரையில் 1.5 முதல் 2 கி.மீ. வரை உள்ள ஒரு சுற்றுப் பாதை. நேராகப் போய்த் திரும்பும் பாதையைவிடச் சுற்றுப்பாதை ஏன் நல்லது என்றால், வேகமானவரும் மெதுவானவரும் ஒரே இடத்தில் ஓடலாம், பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாரும் உங்கள் கண்ணில் படுவார்கள், தண்ணீரும் முதலுதவிப் பெட்டியும் ஒரே இடத்தில் இருந்தால் போதும்.

அப்புறம், 60 விநாடி ஏறக்கூடிய மிதமான மேடு ஒன்று. நிழல். அறைக்கும் ஓடும் இடத்துக்கும் நடந்து போகும் தூரம். தினமும் இரண்டு வேளை வண்டியில் போய்வருவதாக இருந்தால் ஓய்வு நேரம் முழுக்க அதிலேயே கரைந்துவிடும். பக்கத்து மருத்துவமனை எவ்வளவு தூரம், அது இரவில் திறந்திருக்குமா என்பதை விசாரிக்காமல் முன்பணம் கட்டாதீர்கள். கைப்பேசிக்கு சிக்னல் கிடைக்கிறதா என்று பாதையின் கடைக்கோடி வரை போய்ப் பாருங்கள்.

உயரமான மலைக்குப் போகலாம் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். கடல்மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேல் தங்கினால் இரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்கும் திறன் கூடும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு மூன்று வாரம் அளவில் தங்க வேண்டும். ஒரு வாரத்தில் கிடைப்பது மூச்சுத்திணறலும் கெட்ட தூக்கமும்தான்.

4. முகாமுக்கு முந்தைய ஆறு வாரம்

இதைத்தான் எல்லாரும் தவறவிடுகிறார்கள். முகாமுக்கு வருகிறவர்களுக்கு ஒரு எளிய திட்டம் அனுப்புங்கள். குறைந்தபட்ச இலக்கு, முகாம் தொடங்கும்போது வாரத்துக்கு நான்கு நாள், ஒவ்வொரு முறையும் 30 முதல் 40 நிமிடம் நிற்காமல் நிதானமாக ஓட முடிய வேண்டும் என்பது. முகாம் வாரத்தின் மொத்த ஓட்ட நேரம் ஒருவர் வழக்கமாக ஓடுவதைவிடக் கால் பங்குக்கு மேல் கூடக்கூடாது. வாரத்துக்கு 4 மணி நேரம் ஓடுபவருக்கு முகாமில் 5 மணி நேரம். அவ்வளவுதான்.

இலக்கை எட்டாதவரை வர வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அவருக்கென்று தனி அட்டவணை இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அது தெரியாமல் வருபவர்தான் வெட்கப்பட்டுக்கொண்டு நன்கு பழகியவர்களோடு ஓடிக் காலைக் கெடுத்துக்கொள்கிறார்.

புது ஷூ வாங்க நினைப்பவர்கள் முகாமுக்கு மூன்று வாரம் முன்பே வாங்கிப் பழக்கட்டும். பெட்டியிலிருந்து பிரித்த ஷூவோடு முதல் நாள் ஓடினால் இரண்டாம் நாள் குதிகாலில் கொப்புளம்.

5. குழு பிரிப்பதும் பொறுப்பு கொடுப்பதும்

படிவத்தில் உள்ள வாராந்திர ஓட்ட நேரத்தை வைத்து மூன்று குழுவாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு சீனியர்கள்: ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில். முன்னால் ஓடுபவரின் வேலை வேகத்தை அடக்கிப் பிடிப்பது. கடைசி ஆளின் வேலை தனக்குப் பின்னால் யாரும் இல்லாமல் பார்த்துக்கொள்வது. கடைசி ஆள் இல்லாத குழுவில் புதிதாக வந்த மாணவர் ஏதோ ஒரு கிளைப்பாதையில் தனியாக நிற்பார். இது எனக்கே நடந்தது. இருட்டும் நேரத்தில் ஒருவரைத் தேடி ஒரு மணி நேரம் அலைந்த பிறகுதான் இந்த விதியை எழுதினேன்.

வாசலில் ஒரு பலகை வையுங்கள். கிளம்பும் முன் பெயர், நேரம், பாதை. திரும்பியதும் அவரவர் பெயருக்கு எதிரே ஒரு டிக். தனியாக ஓடக் கூடாது, சாலையில் வண்டிகளுக்கு எதிர்த்திசையில் ஒற்றை வரிசையாக ஓட வேண்டும், காதில் ஹெட்ஃபோன் கூடாது. இந்த மூன்றையும் முதல் இரவே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றையும் அதே இரவில் சொல்லுங்கள்: புதியவர்களை "வரவேற்கிறோம்" என்ற பெயரில் எதையும் செய்யவோ குடிக்கவோ வற்புறுத்துவது இந்த முகாமில் கிடையாது. கேப்டன் வாயிலிருந்து வந்தால்தான் அதற்கு மதிப்பு.

6. ஏழு நாள் அட்டவணை

தூரத்தை விட்டுவிட்டு நிமிடத்தில் எழுதுங்கள். "12 கி.மீ." என்று எழுதினால் வேகமானவருக்கு 50 நிமிடம், மெதுவானவருக்கு 80 நிமிடம். குறைவாகப் பழகியவருக்கு அதிகச் சுமை போய்விடும். நிதான ஓட்டத்துக்கு ஒரே அளவுகோல்: முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

முதல் நாள்: வந்து சேர்ந்து, அறை எடுத்து, சுற்றுப் பாதையை எல்லாரும் சேர்ந்து நடந்து பார்க்க வேண்டும். குழி, வேர், வழுக்கும் இடம் எங்கே என்று அப்போதே காட்டிவிடுங்கள். பிறகு 30 நிமிடம் நிதான ஓட்டம், கடைசியில் 80 மீட்டர் அளவில் நான்கு துரித ஓட்டங்கள், முழு வேகம் இல்லாமல். வேறொன்றும் கிடையாது.

முதல் நாளே நேரம் எடுத்துப் பார்க்கும் சோதனை ஓட்டம் வைப்பதுதான் நான் பார்த்த மிகப் பெரிய தவறு. பயணக் களைப்பு, புது இடம், பக்கத்தில் இன்னும் பெயர் தெரியாத போட்டியாளர்கள். எல்லாரும் தங்களை நிரூபிக்க ஓடுவார்கள். அந்த ஒரு ஓட்டத்தின் கடன் மிச்ச ஆறு நாளிலும் வசூலாகும்.

இரண்டாம் நாள்: காலையில் 40 முதல் 60 நிமிடம் நிதானம். மாலையில் ஓட்டம் இல்லாமல் திறன் பயிற்சி. அதைக் கீழே 7-ஆம் பகுதியில் சொல்கிறேன்.

மூன்றாம் நாள்: மேடு. 15 நிமிட வார்ம் அப், பிறகு 60 விநாடி ஏற்றம், நடந்தோ மெதுவாக ஓடியோ இறக்கம். புதியவர்களுக்கு 5, பழகியவர்களுக்கு 8 முதல் 10. முதல் ஏற்றத்துக்கும் கடைசி ஏற்றத்துக்கும் ஒரே நேரம் ஆக வேண்டும். முதலில் பாய்ந்து பிறகு தேய்ந்தால், வேகத்தைக் கணிக்கத் தெரியவில்லை என்று அர்த்தம். இறங்கும்போது பாய விடாதீர்கள். இறக்கத்தில் தொடைத்தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. தசைவலியை அதிகம் கிளப்புவது அதுதான். அந்த வலி ஒன்று முதல் மூன்று நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும்.

நான்காம் நாள்: அதனால்தான் இது பாதி ஓய்வு. 30 முதல் 40 நிமிடம் மிக நிதானம், மதியத்துக்கு மேல் எதுவும் இல்லை. உற்சாகமான சிலர் ரகசியமாக இரண்டாவது ஓட்டம் போவார்கள். பலகை அதைக் காட்டிக்கொடுக்கும். திட்ட வேண்டாம், ஏன் கூடாது என்று உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

ஐந்தாம் நாள்: டெம்போ. ஒரு மணி நேரப் போட்டியில் எந்த வேகத்தைத் தாங்க முடியுமோ அந்த அளவு முயற்சி. பழகியவர்களுக்கு 8 நிமிடம் வீதம் மூன்று, நடுவில் 2 நிமிட மெதுவோட்டம். மற்றவர்களுக்கு 5 நிமிடம் வீதம் மூன்று. புல் தரையில் கைக்கடிகாரம் காட்டும் வேகத்தை நம்ப வேண்டாம். தரை ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் மாறும், முயற்சி மட்டும் மாறாமல் இருக்க வேண்டும். கிராஸ் கன்ட்ரிக்கு வேண்டிய முதல் பாடமே அதுதான். நான் இந்த ஒரு நாள் மட்டும் எல்லாருடைய கடிகாரத்தையும் ஒரு பையில் வாங்கி வைத்துவிடுவேன்.

ஆறாம் நாள்: விரும்பினால் 30 நிமிடம், இல்லையென்றால் நடை.

ஏழாம் நாள்: விடியற்காலையில் நீண்ட ஓட்டம். அவரவர் படிவத்தில் எழுதிய மிக நீண்ட ஓட்டத்தைவிட 10 நிமிடம் அதிகம், அதற்கு மேல் வேண்டாம். எழுதியது 50 என்றால் 60. பிறகு சாப்பாடு, இரண்டு மணி நேரத் தூக்கம், மதியம் கிளம்பலாம். நீண்ட ஓட்டம் ஓடியவர் வண்டி ஓட்டக் கூடாது. ஒரு வாரக் களைப்போடு ஸ்டீயரிங் பிடித்தால் கண் செருகும். ஓட்டுநரை முன்பே முடிவு செய்யுங்கள்.

7. கிராஸ் கன்ட்ரிக்கே உரிய திறன்கள்

டிராக்கில் நன்றாக ஓடுபவர்கள் இந்தப் போட்டியில் தடுமாறுவது திறமைக் குறைவால் அல்ல, இவற்றைப் பழகாததால். இரண்டாம் நாள் மாலையும் மற்ற நிதான ஓட்டங்களின் முடிவில் பத்து நிமிடமும் இதற்கு ஒதுக்குங்கள்.

தொடக்கம்: அகலமான கோட்டில் நூறு பேருக்கு மேல் நிற்பார்கள், சில நூறு மீட்டரில் பாதை குறுகும். பின்னால் மாட்டிக்கொண்டால் முந்த இடம் கிடைக்காது. பாய்ந்து ஓடினால் இரண்டாம் கிலோமீட்டரில் கால் கனக்கும். ஆகவே 150 மீட்டர் வேகம், உடனே நிற்காமல் போட்டி வேகத்துக்கு இறங்கி இன்னொரு 200 மீட்டர். இதை மூன்று முறை, தோளோடு தோள் உரச ஓடிப் பழகுங்கள். புதியவர்கள் திணறுவது வேகமாகக் கிளம்புவதில் அல்ல, அதிலிருந்து இறங்குவதில்.

மேட்டின் உச்சி: எல்லாரும் உச்சியைத் தொட்டதும் மூச்சு விட்டுத் தளர்வார்கள். உச்சிக்கு அப்பால் 20 அடி எடுத்து வைக்கும்வரை தளராமல் ஓடுங்கள். அங்கேதான் இலவசமாக இடம் முன்னேறலாம்.

இறக்கமும் சேறும்: சிறு அடிகள், பார்வை நாலைந்து மீட்டர் முன்னால், குதிகாலை ஊன்றி பிரேக் போடாமல். சேற்றில் ஷூ கழன்று போகாதபடி இரட்டை முடிச்சு.

ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி பொருத்திய ஓட்ட ஷூ): காய்ந்த தரைக்கு 6 அல்லது 9 மி.மீ. ஆணி, ஈரப் புல்லுக்கு 12, ஆழச் சேற்றுக்கு 15. முதன்முறை போடுபவர் 10 நிமிடத்துக்கு மேல் போடக் கூடாது. குதிகால் தாழ்வாக இருப்பதால் கெண்டைக்காலிலும் குதிகால் தசைநாணிலும் இழுவை கூடும்.

கூட்டமாக ஓடுவது: பல மாணவர் போட்டிகளில் ஓர் அணியில் ஏழு பேர் ஓடுவார்கள், முதல் ஐந்து பேரின் இடங்களைக் கூட்டி, குறைந்த தொகை பெறும் அணி ஜெயிக்கும். உங்கள் போட்டியின் விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கில் முதல் ஆள் இரண்டு இடம் முன்னேறினால் லாபம் இரண்டுதான். ஐந்தாம் ஆள் நெரிசலான நடுக்கூட்டத்தில் ஓடுகிறார், பத்து விநாடி வேகமாக வந்தால் இருபது இடம் முன்னேறலாம். ஆறாம், ஏழாம் ஆட்களும் எதிரணியின் ஐந்தாம் ஆளை முந்தினால் எதிரணியின் தொகை ஏறும். இதை ஒரு தாளில் எண் போட்டுக் காட்டுங்கள். தன் ஓட்டத்தால் யாருக்கு என்ன பயன் என்று நினைத்துக்கொண்டிருந்த பின்வரிசை ஓட்டக்காரரின் முகம் அந்த நிமிடம் மாறும். எனக்கு முகாமிலேயே பிடித்த நேரம் அது.

8. தினமும் காலையில் கேட்க வேண்டியவை

காலை ஓட்டத்துக்கு முன் ஒவ்வொருவரிடமும் தனியாக மூன்று கேள்விகள்: தூக்கம் எப்படி? எங்காவது வலிக்கிறதா? நேற்றைவிடக் கூடுதலா குறைவா? பதிலை ஒரு நோட்டில் எழுதுங்கள். கூட்டத்தில் கேட்டால் யாரும் வலிக்கிறது என்று சொல்ல மாட்டார்கள்.

இரண்டு பக்கமும் பரவலாக இருக்கும் தசைவலி, ஓடத் தொடங்கியதும் குறைந்தால் கவலையில்லை. ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய எலும்பு வலி வேறு. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பிலோ பாதத்தின் மேற்புறத்திலோ அப்படி ஒரு புள்ளி வலித்தால், ஒற்றைக்காலில் குதிக்கும்போது அது குத்தினால், அன்றே ஓட்டம் நிற்க வேண்டும். எலும்பில் நுண்விரிசல் தொடங்குவதன் அடையாளமாக இருக்கலாம். மருத்துவர் பார்க்கும்வரை ஓட விடாதீர்கள். நடையை மாற்றி நொண்டி ஓடுபவரையும் நிறுத்துங்கள்.

யாரையும் எடை பார்க்காதீர்கள். ஒல்லியாக இருந்தால் வேகம் என்ற நம்பிக்கை இந்த விளையாட்டில் பலரைப் பட்டினியில் தள்ளியிருக்கிறது. போதிய உணவு இல்லாமல் ஓடினால் எலும்பு பலவீனமாகும், பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகலாம். தொடர்ந்து மூன்று மாதம் வரவில்லை என்றால் அது கடும் பயிற்சியின் சாதாரண விளைவு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் போக வேண்டும். இதைப் பெண் சீனியர் ஒருவர் வெளிப்படையாகப் பேசினால் மற்றவர்களுக்குக் கேட்கத் துணிவு வரும்.

9. வெயில், தண்ணீர், இடி

உடல் வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். குளிர்ந்த இடத்திலிருந்து வெப்பமான இடத்துக்கு வந்திருந்தால் முதல் மூன்று நாளும் காலை மட்டும், நேரத்தையும் குறைத்து ஓடுங்கள். தாகத்துக்கு ஏற்பக் குடிப்பதே நல்லது. முன்னெச்சரிக்கை என்று லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து அதுவே ஆபத்தாகலாம்.

ஓடிக்கொண்டிருந்தவர் தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் பேசினால், விழுந்தால், வெப்பத்தாக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வியர்வை இருந்தாலும் அது வெப்பத்தாக்காக இருக்கலாம். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். அது வரும்வரை காத்திருக்காமல் அந்த இடத்திலேயே குளிரவையுங்கள்: தலை மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு குளிர்ந்த நீர் நிறைந்த தொட்டியில் கழுத்துவரை அமர்த்துங்கள். தொட்டி இல்லையென்றால் உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி, ஐஸில் நனைத்த துண்டுகளை மாற்றி மாற்றிப் போடுங்கள். முதல் அரை மணி நேரத்துக்குள் உடல் வெப்பத்தை இறக்குவதுதான் உயிரைக் காக்கிறது. வெயில் காலத்தில் பெரிய தொட்டியும் ஐஸும் இல்லாமல் கடினமான பயிற்சி தொடங்கக் கூடாது.

இடி கேட்டால் கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே வெளியே வர வேண்டும்.

10. சாப்பாடும் தூக்கமும்

ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் மாவுச்சத்தும் புரதமும் உள்ள உணவு தட்டில் இருக்க வேண்டும். சமையல் தாமதமானால் கொடுக்க ஏதாவது கையில் வைத்திருங்கள். அளவைக் குறைத்துக் கணக்கிடாதீர்கள், ஓடும் மாணவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம் சாப்பிடுவார்கள். இரவு பத்து மணிக்கு விளக்கு அணைய வேண்டும். மதியம் ஒரு மணி நேரம் அறைகளில் சத்தம் கூடாது. எட்டு பேரை ஒரே அறையில் அடைத்துச் செலவை மிச்சம் பிடித்தால், அந்த மிச்சம் தூக்கத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

11. திரும்பி வந்த பிறகு

முதல் நாள் முழு ஓய்வு. அந்த வாரம் முழுக்க வழக்கமான ஓட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு. முகாமில் நன்றாக ஓடிய உற்சாகத்தில் இந்த வாரம்தான் பலர் வேகத்தைக் கூட்டுகிறார்கள், முகாமில் தொடங்கிய சிறு வலி இங்கேதான் காயமாக முற்றுகிறது. பத்தாம் நாள் ஒவ்வொருவரையும் அழைத்து அந்த மூன்று கேள்விகளையும் இன்னொருமுறை கேளுங்கள்.

அடுத்த ஆண்டு முகாமை நடத்துபவர் உங்களை அறியாதவராக இருக்கலாம். யார் எந்தக் குழுவில் ஓடினார், எந்த நாள் எத்தனை பேர் ஓடாமல் உட்கார்ந்தார்கள், எந்த வேளை சாப்பாடு பற்றாமல் போனது, பாதையில் எந்த வளைவில் கால் சறுக்கியது என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். மருத்துவ விவரங்களை அழித்துவிட்டு, அந்த இரண்டு பக்கத்தையும் வெற்றுப் படிவத்தையும் ஒரே கோப்பில் வைத்து ஒப்படையுங்கள்.